இல்மோரி உட்கார்ந்த இருநூற்று மூன்று பகல்

ஆற்றுச் சமவெளியில் மனிதர்களோடு முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு இல்மோரி நாரெத் பண்ணைக்குத் திரும்பி வந்த அன்று, அவளுடைய அக்கா ஹெய்ரா அவளைக் கட்டிக்கொள்ள ஓடிவந்து, பாதியில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மொதல்ல ஓடையில போய் மூணு முழுக்குப் போட்டுட்டு வாடி. உழுத மண்ணு நாத்தம் கொமட்டுது."

எங்கள் எல்ஃப் சனத்துக்கு முப்பத்தொரு வருஷம் பெரிய காலம் இல்லை. பக்கத்துப் பண்ணைக்கு விருந்துக்குப் போனவர்களே அதைவிட அதிகம் தங்கிவிட்டு வந்ததுண்டு. இல்மோரி போனதும் அப்படித்தான். மான்பால் பாலாடைக்கட்டியை ஆற்றுச் சந்தையில் மாற்றி உப்பு வாங்கப் போனவள், கோர்டா என்ற மனிதப் பெண் பட்டாணி விதைப்புக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுவதைப் பார்த்து, நாலு நாள் கைகொடுக்கலாம் என்று தங்கினாள். அந்த நாலு நாள் கோர்டாவின் ஆயுள் முழுக்க நீண்டுவிட்டது. கோர்டா தலை நரைத்து, பல் உதிர்ந்து, ஓர் அறுவடைக் காலத்தில் கண்ணை மூடினாள். அவளைக் குழியில் இறக்க ஒரு கை கொடுத்துவிட்டு இல்மோரி ஒரு சிறு பை பட்டாணி விதையோடு மலையேறினாள். அப்போது அவளுக்கு வயது நூற்றெழுபது. முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது.

குளித்துவிட்டு வந்தவளின் பையை ஹெய்ரா அவிழ்த்துப் பார்த்தாள்.

"இது எத்தனை வருஷத்துல காய்க்கும்?"

"நாலு மாசத்துல."

"அப்புறம்?"

"அப்புறம் செத்துப்போயிடும்."

ஹெய்ரா கையிலிருந்த விதையைத் திரும்பப் பையில் போட்டுவிட்டு உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "சாகறதுக்குன்னே ஒண்ணை நடுவாங்களா? என்ன ஜனங்களோடதான் இருந்துட்டு வந்தியோ!"

நாரெத்தில் அப்படி எதுவும் நடுவதில்லை. அங்கே ஓவெல் மரம்தான் எல்லாம். நட்ட நாற்பதாம் வருஷம் காய்க்கத் தொடங்கினால் அறுநூறு வருஷத்துக்கு நிற்காது. கொட்டையை உடைத்து மாவாக்கிக் குதிரில் கொட்டிவைத்தால், அப்பமும் கூழும் அதிலிருந்துதான். மரத்தடியில் மான்கள் மேயும். பொந்துகளில் தேனீ இருக்கும். கிளை கோதுவதும், வேரடியில் இலைமக்குப் போடுவதும், மான் கறப்பதுமே வேலை. மண்ணைக் கிளறுவது தப்பு. பை உத்தரத்தில் ஏறியது.

மூன்றாம் வருஷம் கருமொட்டு நோய் வந்தது. வசந்தத்தில் ஓவெல் மொட்டுகள் விரிவதற்கு முன்பே கரியாகி உதிர்ந்தன. முப்பது மரம் வேரோடு அழுகிவிட்டது. அவற்றைப் பெயர்த்து எரித்தார்கள். மற்றவற்றை அடிக்கட்டை வரை வெட்டினால்தான் பிழைக்கும் என்று வேர்க்காவலர் வால்தென் சொன்னார். பண்ணையின் சட்டதிட்டங்களைக் காப்பவர் அவர். அறுநூறு வயது. ஒரு வார்த்தை கூட்டியும் பேசமாட்டார், குறைத்தும் பேசமாட்டார். வெட்டினார்கள். கடைசி மரம் விழுந்தபின் நாரெத்தில் முதல்முறையாக நடுப்பகல் வெயில் தரையில் அடித்தது. மான்கள் அதைப் பார்த்து மிரண்டு கொட்டகைக்குள் ஓடின.

எல்லோரும் குதிரடியில் கூடினார்கள். ஐம்பத்தெட்டுப் பேர். அரைவயிற்றுக்குச் சாப்பிட்டால் மாவு ஆறு வருஷம் வரும். கட்டைகள் துளிர்த்துக் காய்க்க நாற்பது வருஷம் ஆகும்.

"பள்ளத்தாக்குல பதினொரு பண்ணை இருக்கு. பண்ணைக்கு அஞ்சு பேர் போல எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க" என்றார் வால்தென். "பிரிஞ்சு போறதுதான் வழி."

"திரும்பி வரும்போது பண்ணை இருக்குமா, காவலரே?" என்று இல்மோரி கேட்டாள்.

வால்தென் பொய் சொல்லத் தெரியாதவர். "இருக்காது. ஆள் இல்லாத பண்ணை காட்டுக்குச் சொந்தம். சட்டம் அப்படி."

"அப்ப நான் போகல."

"போகாம?" என்றாள் ஹெய்ரா. "கட்டையை நக்கிட்டு இருப்பியா?"

"பட்டாணி போடுவேன்."

முதலில் சிரித்தவன் மான் மேய்க்கும் தூமெல். பிறகு குதிரடி முழுக்கச் சிரித்தது. அந்த வருஷம் நாரெத்தில் ஜனங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்பதால் இல்மோரி அதைப் பொருட்படுத்தவில்லை. சிரித்து முடிக்கட்டும் என்று கைகட்டி நின்றாள்.

வால்தென் மட்டும் சிரிக்கவில்லை. "மண்ணைக் கிளறக் கூடாது, இல்மோரி."

"நான் எங்கே கிளறப் போறேன்? அழுகின மரம் எடுத்த குழி முப்பது இருக்கு. அதைக் கிளறினது நீங்கதானே?"

அவர் வெகுநேரம் யோசித்தார். "அது சரி" என்றார். "குழி வரைக்கும் போட்டுக்கோ. ஒரு விரல்கடை வெளியே போகக் கூடாது."

ஒன்பது பேர் அந்த மாதமே கிளம்பிவிட்டார்கள். மற்றவர்கள் பட்டாணியை நம்பி இருக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு மூட்டை கட்டவே ஒரு வருஷம் ஆகும், அதனால் இருந்தார்கள்.

மறு வசந்தத்தில் இல்மோரி பையை உத்தரத்திலிருந்து இறக்கினாள். ஒடிந்த மான்கொம்பு ஒன்றைப் பிடித்து, முப்பது குழியிலும் சாம்பலும் இலைமக்கும் கலந்து, விதையை ஒவ்வொன்றாக ஊன்றினாள். கொடிக்கு ஒன்றாகக் கொழுகொம்பு நட்டு, சுற்றிலும் வேலி கட்டினாள். முழங்கால் உயரம் வந்தபோது தூமெலின் மான்கள் ஒரு விடியற்காலையில் வேலியைத் தாண்டி வந்து பாதிக்கு மேல் தின்றுவிட்டுப் போயின.

தூமெல் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "என் தப்புதான் புள்ள. அதுங்க இப்படி ஒரு பச்சையைக் கண்டதே இல்லை. பால் ரெட்டிப்பா கறக்குது இன்னிக்கு."

"கறந்த பாலை இங்கே கொண்டா" என்றாள் இல்மோரி. "கறந்துட்டு வேலியை இன்னும் ரெண்டு முழம் தூக்கிக் கட்டு. நீயேதான் கட்டணும்."

கட்டினான். மிச்சமிருந்த கொடிகள் பூத்துக் காய்த்து, கோடை முடிவில் நெற்றாகி மஞ்சளடித்துக் காய்ந்து நின்றன. இல்மோரி பறித்து உரித்துப் பார்த்தாள். கொடிக்கு நாற்பது மணி தேறியது. மடி நிறைய அள்ளிக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது வால்தென் குழிகளுக்கு நடுவே குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"இருநூத்து இருபத்தாறு" என்றார். "எல்லாம் செத்துப்போச்சு."

"ஆமாம். காய்ஞ்சா செத்துத்தான் போகும்."

"நட்டவங்க உயிரோட இருக்கும்போது நட்டது செத்தா, ஒரு பகல் பூரா தண்ணிகூடக் குடிக்காம அதும் பக்கத்துல உட்காரணும். வேலை செய்யக் கூடாது. உனக்குத் தெரியும்தானே?"

தெரியும். எங்களில் ஒருவர் ஆயுளில் இரண்டு தடவை அப்படி உட்கார்ந்தால் அதிகம். அம்மா நட்ட மரம் சாய்ந்தபோது அம்மாவுக்குப் பதிலாக இல்மோரியும் ஹெய்ராவும் அரைப்பகல் அரைப்பகலாகப் பங்கிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ஒண்ணுக்கு ஒரு பகலா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுக்கு ஒரு பகல். துக்கம் தீராம அடுத்த விதை போடக் கூடாது."

"மான் தின்னதுக்கு?"

வால்தென் தயங்கினார். "அது தானாச் சாகல. கணக்குல வராது."

"அதுக்கு மான் உட்காரட்டும்!" என்று ஹெய்ரா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள்.

வால்தென் அவளைத் தோற்கடிக்க வந்தவர் அல்ல. அதை இல்மோரி நன்றாக அறிவாள். அவர் முகத்திலும் வருத்தம்தான் இருந்தது. ஆனாலும் இருநூற்று இருபத்தாறைக் கேட்டதும் அவள் விட்டுவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள். அவள் மடியிலிருந்த மணிகளைக் குதிரின் ஓரமாகக் கொண்டுபோய்க் கொட்டி மூடினாள். மறுநாள் சூரியன் எழும்போது முதல் குழியின் முதல் கொடிக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

இலையுதிர் காலம் அவ்வளவு கஷ்டமாக இல்லை. பகல் முழுக்க உட்காருவாள். பொழுது சாய்ந்ததும் எழுந்து, ஓடையில் தண்ணீர் குடித்து, கூழைக் குடித்துவிட்டுப் படுப்பாள். உட்கார்ந்திருக்கையில் சும்மா இருக்கவில்லை. அந்தக் கொடியைப் பார்த்தாள். எது முதலில் பூத்தது, எதில் பூச்சி விழுந்தது, எது சாம்பல் அதிகமான இடத்தில் நின்று உயரமாகப் போனது என்று ஒவ்வொன்றும் மனதில் பதிந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா போகவில்லை.

"எத்தனாவது ஆச்சு இல்மோரி?"

"நாப்பத்தொண்ணு."

"எறும்பு செத்தாலும் உட்காருவியா?"

"நீ செத்தா உட்கார மாட்டேன். கவலைப்படாதே."

பனி விழத் தொடங்கியதும் நிலைமை மாறியது. நாரெத்தின் குளிரில் அசையாமல் பகல் முழுக்க உட்காருவது எலும்புக்குள் போய்விடும். கொடிகள் பனியில் மூடிப்போயின. கொழுகொம்பின் நுனியை அடையாளம் வைத்து உட்கார்ந்தாள். ஹெய்ரா தினமும் காலையில் வந்து ஒரு மான்தோலை அவள் மேல் எறிந்துவிட்டுப் போவாள். எறியும்போது திட்டுவாள். பொழுது சாயும்போது தேன் கலந்த சூடான பாலோடு வந்து மறுபடியும் திட்டுவாள்.

"உனக்கு என்னதான் வேணும்? தெல்மார் பண்ணைக்குப் போனா அடுப்புப் பக்கத்துல பாய் போட்டுத் தருவாங்க."

"நீ போயேன்."

"நான் எப்படிப் போறது? நீ வெறைச்சுப் போனா தூக்கறதுக்கு ஆள் வேணாமா?"

நூற்றுப் பத்தாவது பகலில் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் எழுந்திருக்க முடியவில்லை. அந்த ஐந்து நாளும் கணக்கில் சேரவில்லை. ஆறாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து விட்ட இடத்தில் உட்கார்ந்தாள். வலது முழங்கால் அன்றோடு போயிற்று. இன்றுவரை அதை முழுக்க மடக்க முடியாது. அன்றைக்கு ஹெய்ரா திட்டவில்லை. மான்தோலைப் போர்த்திவிட்டு அரவைக்கல்லுக்குத் திரும்பிப் போனாள்.

மாவு அரைத்து அளந்து கொடுப்பது ஹெய்ராவின் வேலை. குதிரின் அடி எவ்வளவு வேகமாக மேலே வருகிறது என்று அவளைவிட யாருக்கும் தெரியாது. எலி புகுந்து ஒரு குதிர் மாவு கெட்டிருந்தது. ஆறு வருஷம் என்றது நாலாகியிருந்தது. அதை அவள் வால்தெனிடம் மட்டும் சொன்னாள். பதினொரு பண்ணைகளிலிருந்தும் சேதி வந்திருந்தது. அங்கேயும் மொட்டுகள் கறுக்கின்றனவாம். வருவதாக இருந்தால் வரட்டும், ஆனால் முன்பு சொன்ன ஐந்து பேருக்கு இடமில்லை.

இருநூற்று மூன்றாம் பகல் முடிந்தபோது பனி உருகிவிட்டது. குழிகளில் மண் ஈரமாக, கறுப்பாக, உதிர்வாக இருந்தது. இல்மோரி ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். நாளைக்கே விதைக்க வேண்டிய பதம். பத்து நாள் தள்ளினால் காய் முற்றுவதற்குள் உறைபனி பிடித்துக்கொள்ளும். பாக்கி இருபத்து மூன்று பகல்.

வால்தெனைத் தேடிப் போனாள்.

"விதைச்சுட்டு உட்கார்றேன் காவலரே. ஓடிப்போகமாட்டேன்."

"துக்கத்துல இருக்கறவங்க விதைக்கக் கூடாது."

"இருபத்து மூணு நாள்ல பருவம் போயிடும்."

"தெரியும்" என்றார். "இதை நான் வளைச்சா, நாளைக்கு எதையும் வளைக்கலாம்னு ஆயிடும். முடியாதும்மா."

இல்மோரி சண்டை போடவில்லை. அழவும் இல்லை. திரும்பி வந்து படுத்தாள். விடிந்ததும் இருநூற்று நான்காவது கொடிக்குப் போனாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. உட்காருவது மட்டும் தெரியும். பருவம் தப்பினால் தப்பட்டும், பத்தில் ஒரு பங்கு காய்த்தாலும் விதை மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த குழியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஹெய்ரா. கையில் மான்தோல்.

"என்ன பார்க்கறே?" என்றாள். "அம்மா மரத்துக்குப் பங்கு போட்டோமில்ல? இதுவும் அப்படித்தான்."

"சாகறதுக்குன்னே நட்டதுன்னு சொன்னியே."

"இப்பவும் சொல்றேன். பேசாம உன் கொடியைப் பாரு."

சூரியன் ஒரு முழம் ஏறுவதற்குள் தூமெல் வந்து இன்னொரு கொழுகொம்பருகே சரிந்து உட்கார்ந்தான். எண்ணிப் பார்க்க வந்த வால்தென் அவனைக் கண்டு நின்றார்.

"வீட்டு ஆளுங்கதான் பங்கு எடுக்கலாம். நீ எந்த வீடு?"

"எல்லாரும் ஒரே குதிர் மாவைத்தானே தின்றோம்? அப்ப ஒரே வீடுதான்" என்றான் தூமெல். "அதோட என் மானுங்க தின்ன கணக்கு வேற ஒண்ணு மனசுல கெடக்கு."

வால்தென் வழக்கம்போல் நின்று யோசித்தார். "அது சரி" என்றார்.

மறுநாள் ஏழு பேர் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் பதின்மூன்று. அதோடு கணக்குத் தீர்ந்தது. எல்லோரும் வந்துவிடவில்லை. பாதிப் பேர் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள், வால்தெனும் உட்காரவில்லை. நாலாம் நாள் காலையில் இல்மோரி விதைத்தாள். குழிக்குள்ளேதான். கொழுகொம்பு வெட்ட நேரமில்லை. அள்ளி நெருக்கமாகத் தூவினாள்.

ஏழாயிரம் செடி வந்தது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, குழியை நிரப்பி, மெத்தை போல் எழுந்தது. கோடை முடிவில் காய்ந்தது. விதைக்கு ஒதுக்கியது போக, ஆளுக்கு நாலு நாள் கஞ்சிக்குத்தான் மிச்சம். ஆனால் அந்த நாலு நாளும் நாரெத்தில் எல்லோரும் வயிறு நிறையக் குடித்தார்கள். முதல் கரண்டியை வாயில் வைத்து முகம் சுளித்தவர்கள்கூடக் கிண்ணத்தை வழித்தார்கள்.

பிறகுதான் ஏழாயிரம் ஞாபகம் வந்தது.

"ஆளுக்கு நூத்து நாப்பத்திச் சொச்சம் பகல்" என்றான் தூமெல். "கஞ்சி நாலு நாள். இதைவிட அந்தக் கஞ்சியைக் குடிக்காமலே செத்திருக்கலாம்."

"குடிச்சாச்சு. உட்காரு" என்றாள் இல்மோரி.

முதல் நாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தவர் வால்தென். இவர்கள் உட்காருவார்களா மாட்டார்களா என்பதற்காக அவர் காத்திருக்கவில்லை. கஞ்சியை அவரும் குடித்திருந்தார். முதல் குழியில் எது தன்னுடைய செடி என்று பார்க்கக் குனிந்தவர், குனிந்தபடியே இருந்தார். பகல் முழுக்க அந்தக் காய்ந்த பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்ததும் ஒரு கொடியின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தார். குழி முழுக்க அசைந்தது. இன்னும் இழுத்தார். மொத்தமும் ஒரே பாயாக, வேரும் கொடியும் கலந்து எழும்பி வந்தது.

"இல்மோரி" என்று கூப்பிட்டார். "இதுல ஒண்ணு எது, ரெண்டாவது எது?"

"தெரியல."

"எனக்கும் தெரியல. பிரிக்க முடியாததை ரெண்டுன்னு எண்ணச் சட்டத்துல இடமில்லை. குழிக்கு ஒண்ணு. முப்பது பகல். பங்கு போட்டா ஒரே நாள்."

குழிகளைச் சுற்றி ஆரவாரம் எழுந்தது. தூமெல் எழுந்து குதித்தே விட்டான். இல்மோரி மட்டும் அப்படியே நின்றாள். கோபத்தில் அவள் காது நுனி வரை சிவந்துவிட்டது.

"போன வருஷம் இருநூத்து மூணு பகல். பனியில. என் முழங்காலே போச்சு. அப்பவும் ஒண்ணோட ஒண்ணு பின்னித்தானே இருந்துச்சு, கொஞ்சமாவது? அப்பவே இதைப் பார்த்திருக்கக் கூடாதா?"

வால்தென் கையிலிருந்த கொடியைக் கீழே வைத்தார்.

"போன வருஷம் நான் உட்காரலையேம்மா" என்றார்.

இரண்டு வருஷம் அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமலே அவரிடம் சாம்பல் கூடையைக் கொடுப்பாள். அவரும் பேசாமலே வாங்கிப் போய்க் குழிகளில் போடுவார். மூன்றாம் வருஷம் குழிகள் போதவில்லை. மரங்களுக்கு நடுவில் கிடந்த வெற்றிடத்தைக் கிளறலாமா என்று பண்ணை கூடியபோது, கிளறலாம் என்று முதலில் சொன்னவர் வால்தென். கூடாது என்று கடைசிவரை நின்றவள் ஹெய்ரா. கிளறினார்கள். ஹெய்ராதான் அதில் முதல் சாலில் விதை போட்டாள், வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே.

ஓவெல் கட்டைகள் காய்க்க நாற்பத்து மூன்று வருஷம் ஆயிற்று. அதுவரை நாரெத் பண்ணை பட்டாணியில் பிழைத்தது. இடையில் ஒரு வருஷம் ஆலங்கட்டி மழை எல்லாவற்றையும் அடித்துப்போட்டது. இன்னொரு வருஷம் விதையில் வண்டு விழுந்தது. அந்த இரண்டு வருஷமும் மான்பாலிலும் தேனிலும் காட்டுக் கிழங்கிலும் தள்ளினார்கள். ஆனால் யாரும் மூட்டை கட்டவில்லை. கிளம்பிப் போன ஒன்பது பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அவர்களோடு, தங்கள் பண்ணை மூடப்பட்டுப் போன பதினேழு பேரும் வந்தார்கள். வந்தவர்களிடம் இல்மோரி கேட்ட ஒரே கேள்வி, "ஒரு பகல் அசையாம உட்காருவீங்களா?" என்பதுதான்.

முதல் ஓவெல் மாவில் அப்பம் சுட்ட அன்று அவளுக்குப் பெரிய துண்டாகக் கொடுத்தார்கள். மென்று தின்றாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் ஹெய்ரா.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கசக்குது."

"நாக்கு கெட்டுப்போச்சு உனக்கு."

"இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மீதியை அக்காவிடமே கொடுத்து, நொண்டியபடி கொல்லைக்குப் போனாள். கிழக்கு மூலையில் தண்ணீர் தேங்கி நின்றது. வடிகால் வெட்டாமல் விட்டால் அடுத்த பருவத்துப் பட்டாணி அழுகிவிடும். இருட்டுவதற்குள் வெட்டி முடித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.